நினைவாற்றல் போட்டியை விளையாட்டுப் பக்கத்துல போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் விருத்தாசலம் பக்கம் ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர். எங்க மாமனார் காலத்துல இருந்து எங்க வீட்ல உங்க பேப்பர்தான். நினைவாற்றல் பத்தி பேப்பர்லயும் டிவியிலயும் வர்ற செய்திங்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேக்காமத்தான் இதை எழுதுறேன். உங்களை மட்டும் சொல்லல, எல்லாருமே ஒரே மாதிரிதான் எழுதுறாங்க, "அதிசயச் சிறுமி", "அபூர்வ மூளை", "கம்ப்யூட்டரை மிஞ்சும் சிறுவன்" இதுல ஏதோ ஒரு தலைப்பு, கழுத்துல மெடல், கையில ஃபிரேம் போட்ட சர்டிபிகேட், பக்கத்துல பூரிச்சு நிக்கிற அப்பா அம்மா. அந்தப் பிள்ளை என்ன செஞ்சது, எவ்வளவு நேரத்துல செஞ்சது, யார் சரிபார்த்தா, கூட யார் யார் போட்டி போட்டாங்க, எப்படிப் பழகுச்சு, இதுல ஒரு வரி கூட இருக்காது.

இது ஒரு விளையாட்டுங்க ஐயா. ரூல் இருக்கு, நடுவர் இருக்காங்க, ரெக்கார்டு இருக்கு, தோக்குறவங்க இருக்காங்க, தோத்துட்டு அடுத்த வருஷம் திரும்பி வர்றவங்க இருக்காங்க. அதனால இதை விளையாட்டுன்னு எழுதுங்க, அதிசயம்னு எழுதாதீங்க, படிப்புக்கு மருந்துன்னும் எழுதாதீங்க. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது, ஆனா ஏன் சொல்றேன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும், நீளமா போனா பொறுத்துக்குங்க.

2025 பிப்ரவரில மெமரி லீக்னு ஒரு நினைவாற்றல் போட்டியோட உலக சாம்பியன்ஷிப்ல விஷ்வா ராஜகுமார்னு ஒரு பையன் ஜெயிச்சாரு, அப்ப 20 வயசு, புதுச்சேரில காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தவரு. கன்னாபின்னான்னு கலந்து போட்ட 80 இலக்கத்தை 13.5 செகண்ட்ல மனசுல ஏத்திட்டு அப்படியே வரிசையா திருப்பிச் சொன்னாரு. 30 படத்தோட வரிசையை 8.4 செகண்ட்ல. நம்ம போன் நம்பர் 10 இலக்கம், அந்த மாதிரி 8 போன் நம்பர், ஒரு நம்பருக்கு ரெண்டு செகண்ட் கூட ஆகல. இப்ப ஒண்ணு நினைச்சுப் பாருங்க, 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனப்போ கடைசி ஆட்டத்துல டிங் லிரென் யானையை எங்க நகர்த்தி கோட்டை விட்டாருன்னு டீக்கடையில கூட பேசினாங்க, ஏன்னா பேப்பர்கள் அதைப் புரியுற மாதிரி எழுதுனீங்க, ஆட்டத்தை ஆட்டமா எழுதுனீங்க. அந்த மரியாதை இந்தப் பையனோட ஆட்டத்துக்கும் உண்டு இல்லையா?

மெமரி லீக்ல ஆட்டம் எப்படின்னா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல மோதுவாங்க, ரெண்டு பேர் ஸ்கிரீன்லயும் அதே நம்பர், இல்ல அதே படம், அதே வார்த்தைங்க, இல்ல அதே சீட்டுக்கட்டு. மனப்பாடம் பண்ண அதிகபட்சம் 60 செகண்ட், திருப்பி எழுத 4 நிமிஷம். யாருக்கு நிறைய சரியோ அவங்களுக்குப் பாயிண்ட், ரெண்டு பேருக்குமே எல்லாம் சரின்னா முதல்ல முடிச்சவங்களுக்கு. அப்ப எதிராளி வேகமானவர்னு தெரிஞ்சா நாமளும் வேகத்தைக் கூட்டணும், கூட்டினா தப்பு வரும், நிதானமா போனா அவர் முந்திடுவாரு. இந்தத் தவிப்பு இருக்கே, இதுதான் விளையாட்டு. டென்னிஸ்ல ரெண்டாவது சர்வீஸை எவ்வளவு பலமா போடலாம்னு யோசிக்கிறாங்களே, அதே கதைதான்.

பழைய போட்டி இன்னொண்ணு இருக்கு, உலக நினைவாற்றல் சாம்பியன்ஷிப். 1991ல லண்டன்ல டோனி பூசான், ரேமண்ட் கீன் ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. அதுல மொத்தம் 10 பிரிவு, முகமும் பேரும், சீட்டுக்கட்டு, வார்த்தைங்க, கற்பனைத் தேதிங்க, வெறும் 0ம் 1ம் மட்டும் வர்ற நம்பர்னு போகும். ஒரு மணி நேர நம்பர் பிரிவு இருக்கு, ஒரு மணி நேரம் மனப்பாடம், அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுதணும். பேப்பர்ல ஒரு வரிக்கு 40 இலக்கம். 40ம் சரியா இருந்தா 40 மார்க், ஒண்ணு தப்பானா 20, ரெண்டு தப்பானா அந்த வரிக்கே சைபர். நான் கணக்கு டீச்சர், ஸ்டெப் மார்க் போட்டே பழகின கை, இந்த ரூலைப் படிச்சதும் எனக்கே வயித்தைப் பிசைஞ்சது. இதுலயும் கொடூரமானது காதால கேட்டு எழுதுற பிரிவு. செகண்டுக்கு ஒரு இலக்கம்னு குரல் சொல்லிக்கிட்டே போகும், நிறுத்த முடியாது, திரும்பக் கேக்க முடியாது, முதல் தப்பு எங்க வருதோ அதோட ஸ்கோர் நின்னுடும். 100வது இலக்கத்துல தடுக்கினா அதுக்கப்புறம் 400 சரியா எழுதியிருந்தாலும் 99தான். இதுல வட கொரியாவோட ரியூ சோங் ஐ 2019ல 547 இலக்கம் சரியா எழுதுனாங்க. 9 நிமிஷத்துக்கு மேல ஒரு செகண்ட் கூட மனசு அலையாம உக்காந்திருந்தா மட்டும்தான் இது முடியும். அந்த வருஷம் வூஹான்ல உலகப் பட்டமும் அவங்களுக்குத்தான், அந்தப் பட்டத்தை ஜெயிச்ச முதல் பொண்ணு. ஒரு மணி நேரத்துல 4,620 இலக்கம் மனப்பாடம் பண்ண ரெக்கார்டும் அப்ப அவங்க வச்சதுதான். அடுத்த வருஷம், 2020ல, பாகிஸ்தானோட எம்மா ஆலம். தொடர்ந்து ரெண்டு வருஷம் ரெண்டு பொண்ணுங்க. பொண்ணுங்க ஸ்கூல்ல வேலை பாக்குறவளா எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன்.

இப்ப "அபூர்வ மூளை" விஷயத்துக்கு வர்றேன். இது பிறவிலயே வர்ற அபூர்வம்னா ரெக்கார்டு ஏன் இப்படி ஓடுது? ஒரு சீட்டுக்கட்டு, 52 சீட்டு, கலைச்சுப் போட்டதை எவ்வளவு நேரத்துல மனப்பாடம் பண்றாங்கன்னு பாருங்க. 1980கள்ல இங்கிலாந்துல கிரைட்டன் கார்வெல்லோ 2 நிமிஷம் 59 செகண்ட்ல பண்ணி அது டிவியில வந்துச்சு, ஊரே வாயைப் பொளந்துச்சு. ஆண்டி பெல் அதை 31.16 செகண்டுக்குக் கொண்டு வந்தாரு. 2007ல பென் பிரிட்மோர் 26.28. 2018ல மங்கோலியாவோட ஷிஜிர் எர்டெனே 12.74 செகண்ட். முப்பது வருஷத்துல மனுஷ மூளை மாறிடுமா என்ன, மாறுனது டெக்னிக், மாறுனது பயிற்சி, ஒருத்தர் கண்டுபிடிச்சதை இன்னொருத்தர் எடுத்து இன்னும் கூர்மையாக்குனது. ஓட்டப்பந்தயத்துல கூட 30 வருஷத்துல இவ்வளவு பெரிய பாய்ச்சல் கிடையாது.

கார்வெல்லோவை டிவியில பார்த்துட்டுதான் டொமினிக் ஓ பிரையன் சீட்டுக்கட்டைக் கையில எடுத்தாரு. சின்ன வயசுல டிஸ்லெக்சியான்னு சொல்லப்பட்டவரு, ஸ்கூல்ல தேறாத பையன்னு ஒதுக்கப்பட்டவரு. அவர்தான் 1991ல முதல் உலக சாம்பியன், அதையும் சேர்த்து மொத்தம் 8 தடவை. பென் பிரிட்மோர் டெர்பி ஊர்ல அக்கவுண்டன்ட், 3 தடவை உலக சாம்பியன், ஆளுங்க பேரும் முகமும் தனக்குச் சுத்தமா நிக்காதுன்னு அவரே சொல்லுவாரு. உங்க தொழில்காரர் ஒருத்தர் கதையும் இருக்கு, 2005ல அமெரிக்கப் போட்டியைப் பத்தி செய்தி எழுதப் போன நிருபர், "எங்களுக்கு ஒண்ணும் பெரிய மூளை இல்ல, நீயும் பண்ணலாம்"னு அவங்க சொன்னதைக் கேட்டு ஒரு வருஷம் பழகினாரு, 2006ல அதே போட்டியில அவரே சாம்பியன். உங்க ஆபீஸ்ல இருக்குற நிருபர் யாராச்சும் இதை முயற்சி பண்ணி அதைத் தொடரா எழுதினா நான் முதல் ஆளா படிப்பேன்.

விஞ்ஞானிங்களும் இதைத்தான் சொல்றாங்க. லண்டன்ல எலினோர் மக்வயர் குழு 2003ல இந்தப் போட்டிக்காரங்களோட மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க, மூளை அமைப்புல வித்தியாசம் இல்ல, ஐக்யூவும் ஸ்பெஷலா கூட இல்ல, ஆனா மனப்பாடம் பண்ணும்போது இடம், வழி ஞாபகம் வச்சுக்கிற பகுதிங்கதான் வேலை செஞ்சுது. 2017ல நெதர்லாந்துல மார்ட்டின் டிரெஸ்லர் குழு சாதாரண ஆளுங்களைக் கூப்பிட்டு, தினம் அரை மணி நேரம், 6 வாரம், இதே முறையில பழக்கிவிட்டாங்க. முன்னாடி 72 வார்த்தையில 30 கிட்ட சொன்னவங்க, பழகுனதுக்கு அப்புறம் 60ஐத் தாண்டுனாங்க. 4 மாசம் கழிச்சுப் பார்த்தப்பவும் பெருசா குறையல.

அந்த முறை என்னன்னா ரொம்பப் பழசு, கிரேக்கர் காலத்துல இருந்தே இருக்கு, மெமரி பேலஸ்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்தை மனசுல நடந்து போகணும், வாசப்படி, செருப்பு ஸ்டாண்டு, டிவி, ஃபிரிட்ஜ், அடுப்பு மேடைன்னு வரிசையா, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு காட்சியை வச்சுட்டுப் போகணும், திரும்ப நடந்தா காட்சி அங்கயே இருக்கும். ஆனா நம்பரை எப்படிக் காட்சியாக்குறது? அங்கதான் உழைப்பு. 00ல இருந்து 99 வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள், ஒரு செயல், ஒரு பொருள். எங்க பிள்ளைங்க கிரிக்கெட் பைத்தியம், அதனால 07 தோனி, 18 கோலி, 45 ரோஹித்துன்னு ஜெர்சி நம்பர்ல ஆரம்பிச்சாங்க, 64 செஸ் போர்டு. இப்ப 071864ன்னு வந்தா, முதல் ரெண்டுக்கு ஆள், நடு ரெண்டுக்கு செயல், கடைசி ரெண்டுக்குப் பொருள், அப்ப தோனி நிக்கிறாரு, கோலி மாதிரி கவர் டிரைவ் அடிக்கிறாரு, அடிக்கிறது பந்தை இல்ல, செஸ் போர்டை, காய்ங்க எல்லாம் வாசப்படியில சிதறுது. ஆறு இலக்கம் ஒரே காட்சியில முடிஞ்சுது. 80 இலக்கத்துக்கு 14 இடம் போதும். கேக்க விளையாட்டா இருக்கும், ஆனா அந்த 100 ஆளையும் 100 செயலையும் 100 பொருளையும் யோசிக்காமயே கண்ணுல வர்ற அளவுக்குப் பழகணும், அதுக்கு மாசக்கணக்குல உக்காரணும். பென் பிரிட்மோர் ரெண்டு ரெண்டு சீட்டா சேர்த்து ஒரு படம்னு வச்சிருந்தாரு, 52ஐ 52ஆல பெருக்கிப் பாருங்க, 2,704 படம். இந்த உழைப்பைத்தான் "அதிசயம்"னு ஒரே வார்த்தையில துடைச்சுப் போட்டுடுறோம், அதுதான் எனக்கு ஆத்தாமை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்னு யாரும் நினைக்க வேண்டாம். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடில பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானம் செஞ்சவரு, 100 விஷயத்தை ஒரே நேரத்துல கவனிச்சு பதில் சொல்றது, முதுகுல எறியுற கல்லை எண்ணனும், மணி எத்தனை தடவை அடிச்சுதுன்னு சொல்லணும், நடுவுல கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடணும். 2008ல அவருக்கு ஸ்டாம்பு வெளியிட்டாங்க, ஆனா எங்க ஸ்கூல்ல பத்துல ஒரு பிள்ளைக்குக் கூட அவர் பேரைத் தாண்டி தெரியல. கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு இன்னொண்ணு தெரியும், கடபயாதி. 72 மேளகர்த்தா ராகத்தோட பேர்ல முதல் ரெண்டு எழுத்தை வச்சே அது எத்தனாவது ராகம்னு சொல்லிடலாம். மாயாமாளவகௌளையில மா 5, யா 1, திருப்பிப் போட்டா 15. தீரசங்கராபரணத்துல தீ 9, ர 2, திருப்பினா 29. எழுத்தை நம்பராக்கி, நம்பரைப் பேருக்குள்ள ஒளிச்சு வைக்கிற வேலை. உலகப் போட்டிக்காரங்க நிறையப் பேர் இங்கிலீஷ் சத்தங்களை வச்சு செய்யிறது இதே வேலைதான். நம்ம பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தா ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அதை நான் கிளாஸ்ல கண்ணால பார்த்திருக்கேன்.

சரி, அடுத்தது படிப்பு விஷயம், இதுலதான் எனக்குக் கோவம். எங்க ஊருக்கு ஒரு மெமரி கிளாஸ்காரங்க வந்தாங்க, பேர் வேண்டாம். ஸ்கூல் ஹால்ல பெத்தவங்களை எல்லாம் உக்கார வச்சு டெமோ. ஆளாளுக்கு ஒரு பொருள் பேரைச் சொல்லச் சொல்லி 20 பொருள் எழுதிக்கிட்டாங்க, ஒரு பையன் அதை முன்னாடி இருந்தும் சொன்னான், பின்னாடி இருந்தும் சொன்னான், 13வது என்னன்னு கேட்டா அதையும் சொன்னான். ஹாலே கை தட்டுச்சு. உடனே மைக்கைப் பிடிச்சு, உங்க பிள்ளையும் இப்படி ஆகணுமா, எல்லா சப்ஜெக்ட்லயும் சென்டம் எடுக்கணுமா, இன்னைக்கே கட்டினா ஃபீஸ்ல தள்ளுபடின்னு ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டம் முடிஞ்சு ஒரு அம்மா என்கிட்ட வந்து டீச்சர் கட்டலாமான்னு கேட்டாங்க, வீட்டு வேலை செய்யிறவங்க, அவங்க ரெண்டு மாச சம்பளம் அது. நான் அவங்களை உக்கார வச்சு, அவங்க வீட்டு வாசல்ல இருந்து பின்கட்டு வரைக்கும் 20 இடம் வரிசையா சொல்லச் சொன்னேன், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொருளை வச்சு மனசுல பாருங்கன்னு சொன்னேன். அந்த அம்மா அங்கேயே 20ல 18 சொன்னாங்க. ஸ்கூல் பக்கமே அதிகம் போகாதவங்க. அவங்க முகத்தைப் பார்க்கணுமே நீங்க. டீச்சர், அப்ப இதுக்கா பணம்னு கேட்டாங்க.

20 பொருள் சொல்றதுக்கும் சென்டம் எடுக்கறதுக்கும் சம்பந்தமே இல்லங்க. இதுக்கு ரொம்பத் தெளிவான ஆதாரம் இருக்கு. அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில 1980 வாக்குல ஒரு சாதாரண காலேஜ் பையனை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆராய்ச்சிக் கட்டுரையில அவர் பேரை எஸ்.எஃப்.னு மட்டும்தான் போட்டாங்க. ஆரம்பத்துல நம்மளை மாதிரியே 7 இலக்கம்தான் ஒரு தடவை கேட்டுத் திருப்பிச் சொன்னாரு. 230 மணி நேரம் பயிற்சிக்கு அப்புறம் 79. அவர் ஓட்டக்காரர், அதனால நம்பரை எல்லாம் ஓட்டப்பந்தய நேரமா மாத்தி மாத்தி வச்சுக்கிட்டாரு. அப்புறம் நம்பருக்குப் பதிலா எழுத்தைக் குடுத்துப் பார்த்தாங்க. என்ன ஆச்சு தெரியுமா, 6 எழுத்துதான். ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டாரு. மூளை மொத்தமா பலமாகல, நம்பர் வேலை ஒண்ணுதான் பலமாச்சு.

சென்னையில பிறந்து மங்களூர்ல வளர்ந்த ராஜன் மகாதேவன் 1981ல வட்டக் கணக்குல வர்ற பை (π) மதிப்பை 31,811 இலக்கம் வரைக்கும் மனப்பாடமா சொல்லி கின்னஸ்ல இடம் பிடிச்சவரு. இவருக்குப் பிறவியிலயே வேற மாதிரி நினைவாற்றல் இருக்குமோன்னு அமெரிக்காவுல பல வருஷம் ஆராய்ஞ்சாங்க. பழக்கமில்லாத குறிகளைக் காட்டுனப்ப அவரும் மத்த காலேஜ் பசங்க அளவுக்குத்தான் ஞாபகம் வச்சிருந்தாரு. இதைக் கேட்டு அவர் மேல எனக்கு மரியாதை கூடிச்சே தவிர குறையல, அந்த 31,811ம் அவர் உக்காந்து சம்பாதிச்சதுன்னு ஆயிடுச்சில்ல.

அப்ப படிப்புக்கு உதவவே உதவாதான்னு கேட்டா, உதவும், எந்தப் பாடத்துக்கு உக்காந்து காட்சி கட்டுறோமோ அந்த அளவுக்கு. 2015, 2016, 2017 மூணு வருஷமும் உலக சாம்பியனான அலெக்ஸ் மல்லன் அப்ப மெடிக்கல் ஸ்டூடண்ட், மருந்துப் பேருங்களுக்கு எல்லாம் இந்த முறையைப் பயன்படுத்தினவரு. எலும்புப் பேர், வருஷம், தனிம அட்டவணை, இதுக்கெல்லாம் சரி. ஆனா முக்கோணவியல் புரியலைன்னா எந்த பேலஸும் புரிய வைக்காது. சாயங்காலம் எங்க ஸ்கூல்ல நான் சில பிள்ளைங்களோட சீட்டுக்கட்டும் நம்பர் ஷீட்டும் வச்சுப் பழகுறேன், அதுல முதல்ல வர்ற பொண்ணு கணக்குல நடுத்தரம்தான், இப்பவும் நடுத்தரம்தான். ஆனா அந்தப் பொண்ணு இப்ப கிளாஸ்ல கை தூக்குறா. தான் ஒரு விஷயத்துல உசத்தின்னு தெரிஞ்ச பிள்ளையோட உடம்பு மொழியே வேற. கபடில ஜெயிச்ச பிள்ளைகிட்ட அதனால உனக்கு சயின்ஸ்ல மார்க் கூடுச்சான்னு யாராச்சும் கேக்குறோமா? அப்புறம் இதுக்கு மட்டும் ஏன் கேக்குறோம்?

கண்ணைக் கட்டிக்கிட்டுப் படிக்க வைக்கிறேன்னு ஒரு கும்பல் கிளம்பிச்சே, அதையும் இதே கூடையில போட்டு எழுதாதீங்க. அது மூக்கோர இடைவெளில பார்க்கற வித்தை, பகுத்தறிவாளர்கள் எத்தனையோ தடவை போட்டு உடைச்சாச்சு. அதுல ஏமாந்த பெத்தவங்க உண்மையான போட்டியையும் ஏமாத்து வேலைன்னு நினைச்சு ஒதுங்கிடுறாங்க, அது இந்தப் பிள்ளைங்களுக்குப் பண்ற அநியாயம்.

சாதனை சர்டிபிகேட்டுக்கும் போட்டிக்கும் உள்ள வித்தியாசத்தையும் உங்க நிருபர்கள் கவனிக்கணும். 3 வயசுக் குழந்தை 100 நாட்டுக் கொடியைப் பார்த்துப் பேர் சொல்லுது, நல்ல விஷயம், குழந்தையைக் கொஞ்சலாம். ஆனா அது முன்கூட்டியே தெரிஞ்ச பாடம், வீட்டுல மாசக்கணக்குல சொல்லிக் குடுத்தது. வேலூர் விஐடில 2015 மார்ச்ல ராஜ்வீர் மீனா பை மதிப்பை 70,000 இலக்கம், கண்ணைக் கட்டிக்கிட்டு 9 மணி நேரத்துக்கு மேல சொன்னாரு, அது பிரமாண்டமான சாதனை, கின்னஸ் ரெக்கார்டு, ஆனா அதுவும் முன்னாடியே தெரிஞ்ச நம்பர்தான், தனியா உக்காந்து செய்யிறது. போட்டின்னா கேள்வித்தாள் அப்பதான் கண்ணுல படும், பக்கத்துல உக்காந்திருக்குறவருக்கும் அதேதான், காதுல சத்தம் புகாத மஃப் மாட்டிக்கிட்டு, கடிகாரம் ஓட ஓட. ரெண்டும் வேற வேற, ரெண்டையும் வேற வேறயா எழுதுங்க.

உலக சாம்பியன்னு யாராச்சும் வந்து நின்னா எந்த அமைப்போட பட்டம்னும் கேளுங்க, ஏன்னா 2016ல இந்த விளையாட்டு ரெண்டா பிரிஞ்சுது, பழைய அமைப்பு ஒரு பக்கம், இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் மெமரி இன்னொரு பக்கம். 2017ல பழைய அமைப்புல அலெக்ஸ் மல்லன் சாம்பியன், ஜகார்த்தாவுல நடந்த இன்னொண்ணுல மங்கோலியாவோட முன்க்ஷுர். ரெண்டுமே உண்மையான பட்டம்தான், குத்துச்சண்டையில நாலு பெல்ட் இருக்குற மாதிரி, ஆனா எதுன்னு எழுதணும். எந்தப் பிரிவு, எத்தனை இலக்கம், எத்தனை செகண்ட், கூட எத்தனை பேர், எத்தனாவது இடம். கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் கார்டு போடுறீங்க, இதுக்கும் ரெண்டு வரி போடுங்க.

ரெண்டாவது இடம் வந்தவங்களையும் போடுங்க ஐயா. எங்க பிள்ளைங்க ஜெயிச்சவங்களை மட்டும்தான் படத்துல பார்க்குறாங்க, தோத்தவங்களும் இருக்காங்கன்னு தெரிஞ்சாதான் நாமளும் போகலாம்னு தைரியம் வரும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை இணைப்புல சுடோகு, குறுக்கெழுத்து போடுறீங்க இல்லையா, அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் குடுங்க, கலந்து கட்டின 40 இலக்கம், ஒரே வரி. கீழ ரூலை மட்டும் போடுங்க: 5 நிமிஷம் பார், பேப்பரை மடிச்சு வை, எழுது, ஒண்ணு தப்பானா 20, ரெண்டு தப்பானா சைபர். விடையைத் தலைகீழா அச்சடிக்கிற வேலை கூட உங்களுக்கு இல்ல. நம்பரைத் தேர்ந்தெடுத்துத் தர்றதுல சிரமம்னா சொல்லுங்க, எங்க பிள்ளைங்க வாராவாரம் தாயக்கட்டை உருட்டியாச்சும் எழுதி அனுப்பிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
விருத்தாசலம்.